இமாம் வாசிக்காமல் விட்ட வரி

இந்த வேலைக்குப் புதிதாக வந்த நீங்கள், நாட்டு நிலைமைக் குறிப்பு எழுதுவது எப்படி என்று எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். எங்கே தேடுவது, எதை நம்புவது, அடிக்குறிப்பு எப்படிப் போடுவது என்பதையெல்லாம் கொம்பியூட்டர் என்னைவிட நன்றாகச் சொல்லித் தரும். அதை விட்டுவிடுகிறேன். நான் எழுதிய குறிப்பு ஒன்று ஒரு மனிதரைத் திருப்பி அனுப்பிவிடப் பார்த்த கதையைச் சொல்கிறேன். பிழைவிட்டவள் நான்தான். அதனால் வேறு யாருக்கும் நோகாது.

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில், ஒரு கோழிக்கடைக்கும் கார் ஓட்டப் பழக்கும் இடத்துக்கும் மேல்மாடியில் இருந்தது எங்கள் சட்ட உதவி நிலையம். அகதிக் கோரிக்கை வைப்பவர் தன் கதையைச் சொல்லுவார். அந்தக் கதை அந்த நாட்டில் நடக்கக்கூடியதுதானா என்று விசாரிப்பவர் பார்ப்பார். நடக்கக்கூடியதுதான் என்று காட்டுவதற்குத்தான் நாட்டு நிலைமைக் குறிப்பு. பதினொரு வருடம் அதை எழுதினேன். அதற்கு முன்னர் நான் நேர்ஸ். கனடாவுக்கு வருவதற்கு முன் ஆறு வருடம் ஒரு மன்னராட்சி நாட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை செய்தவள். நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே அரசர் இஸ்லாத்தின் பெயரால் ஆளுகிறார் என்பது தெரிந்தால் போதும்.

அந்த ஆறு வருடம்தான் எனக்குத் தலைக்கனத்தைக் கொடுத்தது. அந்த நாட்டிலிருந்து யாராவது வந்தால், "அன்ரியிட்டக் குடுங்கோ, அவ அங்க இருந்தவ" என்று வழக்குக் கோவை என் மேசைக்கு வரும். நானும் வாங்கிக்கொள்ளுவேன். உண்மையில் நான் அங்கே கண்டது என்ன? விடுதியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு பஸ். ஆஸ்பத்திரியிலிருந்து விடுதிக்கு பஸ். ஜன்னலுக்குத் திரைச்சீலை. வார்ட்டுச் சுவரில் அரசரின் படம். தொழுகை நேரத்தில் கடைகள் பூட்டப்படும். இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அந்த நாட்டில் மார்க்கத்தை விட்டு விலகினவனுக்கு ஆபத்து, மார்க்கத்தோடு நிற்கிறவனுக்குக் குறையில்லை. என் குறிப்பு பன்னிரண்டு பக்கம். வருடா வருடம் புதுப்பிப்பேன். அந்த முடிவை மட்டும் ஒருநாளும் தொட்டதில்லை.

நான் சொல்லவந்த கோவைக்கு உரியவர் ஓர் இமாம். நாற்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த மனிதர், நன்றாக அழுத்திய சேர்ட். நோன்பு மாதத்தில் தொழுகை நடத்த ரொறன்ரோப் பள்ளிவாசல் ஒன்று அழைத்து விசா எடுத்துக் கொடுத்திருந்தது. அந்த விசாவில் தனியே வந்து இறங்கியவர், திரும்பிப் போகவில்லை. மனைவியும் ஒன்பது வயது மகளும் அங்கே. இங்கே பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். கோரிக்கை தோற்றால் அவரைத் திருப்பி அனுப்புவார்கள். விமான நிலையத்திலேயே அவருக்காகப் பொலிஸ் காத்திருக்கும். அரசருக்குக் கொடுத்த விசுவாச உறுதியை முறித்தார் என்று குற்றப்பத்திரிகை எழுதி வைத்திருந்தார்கள். எதனால் என்று அதில் இல்லை, நாங்களும் துருவிக் கேட்கவில்லை.

முதல் நாள் அவர் ஒரு பிளாஸ்ரிக் உறையில் கொஞ்சம் கடதாசிகள் கொண்டுவந்தார். பாஸ்போட், கலியாணப் பதிவு, குற்றப்பத்திரிகையின் பிரதி. கடைசியில் அரபியில் நெருக்கி அச்சடித்த இரண்டு தாள்கள். மேலே அரச சின்னம். என்னவென்று மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டேன். "வெள்ளிக்கிழமைப் பிரசங்கம்" என்றார். அவ்வளவுதான். ஓதுகிற பேப்பர் என்று நினைத்து, கோவையின் பின்பக்கப் பைக்குள் செருகிவிட்டேன். பக்திமான் என்று மேலும் மேலும் காட்டினால், "பிறகென்ன பயம்?" என்ற கேள்விதான் வரும் என்று எனக்குள்ளே கெட்டிக்காரத்தனமாக ஒரு கணக்கு வேறு. வழமையான பன்னிரண்டு பக்கத்தையும் கோவையில் வைத்து விசாரணைச் சபைக்கு அனுப்பினேன்.

விசாரணைக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒத்திகைக்கு உட்கார்ந்தோம். எங்கள் வழக்கறிஞர் ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த பிள்ளை. என் மகளைவிட இரண்டு வயது இளையவள். ஆனால் இந்தத் தொழிலில் எனக்குப் படிப்பித்தவர் யார் என்று கேட்டால் அவளைத்தான் சொல்வேன். அவள் விசாரிப்பவரைப் போலக் குரலை மாற்றிக்கொண்டு இமாமிடம் கேட்டாள். நீங்கள் மார்க்க அறிஞர், அது மார்க்கத்தின் பெயரால் ஆளப்படும் நாடு, உங்கள் வழக்கறிஞர் தந்த குறிப்பே உங்களைப் போன்றவர்களுக்கு அங்கே பிரச்சினை இல்லை என்கிறது. பிறகு என்ன பயம்?

இமாம் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். அவர் அரபியில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னார். நான் தமிழில் எழுதுகிறேன். "அந்த இரண்டு தாள்களை நீங்கள் கொடுக்கவில்லையா?"

கோவையை எடுத்துப் பின்பக்கப் பையிலிருந்து தாள்களை இழுத்து மேசையில் வைத்தேன். வழக்கறிஞர் அவற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அன்ரி, சீரியஸா? செவன் மந்த்ஸா உது எங்கட ஃபைலுக்குள்ளயே கிடந்தது?"

"கிடந்தது பிள்ளை."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். இமாமின் பக்கம் கதிரையைத் திருப்பி, இந்தத் தாள்கள் என்ன, முதலிலிருந்து சொல்லுங்கள் என்றாள்.

"எங்கள் நாட்டில் பிரசங்கத்தை நாங்கள் எழுதுவதில்லை" என்றார் இமாம். "மார்க்க அமைச்சு கிழமைதோறும் அனுப்பும். நாடு முழுவதும் ஒரே பிரசங்கம். பதினாறு வருடம் நான் ஒரு சொல்லும் மாற்றாமல் வாசித்தேன். அந்தக் கிழமை ஒரு புதிய நெடுஞ்சாலைக்காக எங்கள் பகுதியில் வீடுகளை இடித்தார்கள். வெளியேற மறுத்த ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வெள்ளிக்கிழமை வந்த பிரசங்கத்தில் ஒரு வரி இருந்தது. அரசரின் கட்டளையை மறுப்பவன் இறைவனின் கட்டளையை மறுக்கிறான் என்று. நான் மேடையில் நிற்கிறேன். முன்வரிசையில் எப்போதும் இருப்பவர்கள் இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் அந்த இடத்தில் இருந்தார்கள். அந்த வரியை விட்டுவிட்டு அடுத்த வரியை வாசித்தேன்."

ஒரே ஒரு வரி. அதை யார் கவனிக்கப்போகிறார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. நான் பிறந்த தீவில் நாங்கள் கத்தோலிக்கர். மேற்றிராணியார், அதுதான் பிஷப், அனுப்பும் கடிதத்தைச் சுவாமி பூசையில் வாசிப்பார். அதே கடிதம் அதே ஞாயிறு எல்லாக் கோயிலிலும் வாசிக்கப்படும். ஒரு பந்தியை அவர் விட்டிருந்தால், மத்தியானத்துக்குள் சந்தைவரை கதை போயிருக்கும். எனக்கு இது தெரியாத சங்கதியே இல்லை. ஆனால் ஏழு மாதமாக அந்தத் தாள் என் கோவைக்குள் கிடந்தும் இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

"ஒரு வரிக்கு இவ்வளவா?" என்று வழக்கறிஞர் கேட்டாள். விசாரணையில் எழக்கூடிய கேள்விதான்.

இமாம் சொன்னார். "எங்கள் அரசருக்கு யாரும் வாக்களித்ததில்லை. இவர் ஏன் அரசர் என்று ஒரு பிள்ளை கேட்டால், மார்க்கம் அப்படிச் சொல்கிறது என்பதுதான் பதில். அவர் போடும் சட்டம் ஏன் சட்டம், அவருடைய நீதிபதி ஏன் நீதிபதி, எல்லாவற்றுக்கும் அதே பதில். அந்தப் பதிலை வெள்ளிக்கிழமைதோறும் சொல்வது என் வேலை. நான் சொல்லாமல் விட்டால் பிள்ளை திரும்பவும் கேட்கும். மார்க்கம் இல்லாதவன் அரசரைத் திட்டினால் அரசருக்கு நட்டமில்லை. அவனைத் தண்டித்து நல்ல பெயர் எடுப்பார். மேடையில் நிற்பவன் வாயை மூடினால்தான் கஷ்டம்."

என் பன்னிரண்டு பக்கமும் அந்த இடத்திலேயே கந்தலாகிப் போனது. அந்த அரசாட்சி மார்க்கத்தைக் காக்கிறது என்று எழுதியிருந்தேன். மார்க்கம் அரசாட்சியைத் தாங்கிப் பிடிக்கிறது, தாங்குகிற தோள் விலகினால் அரசருக்குப் பயம் வரும் என்ற பாதியை எழுதவேயில்லை.

பிறகு அவர் என்னிடம் கேட்டார். கோபமில்லாமல்தான் கேட்டார். "சகோதரி, எங்கள் நாட்டில் ஆறு வருடம் இருந்ததாக முதல் நாள் சொன்னீர்கள். எங்களில் யாரிடமாவது எதையாவது கேட்டிருக்கிறீர்களா?"

"காய்ச்சல் இருக்கா, எங்க நோகுது எண்டு கேட்டிருக்கிறன்" என்றேன். பகிடியாகச் சொல்லித் தப்பப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

சாட்சிக் கடதாசிகளை விசாரணைக்குப் பத்து நாளுக்கு முன்னரே கொடுத்துவிட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எங்களிடம் இருந்தது மூன்று நாள். பிந்தியதற்குக் காரணம் சொன்னால்தான் பார்ப்பார்கள். இமாமை பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு நானும் அவளும் இருந்தோம். இப்போது சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கூச்சம்தான்.

"அவர் இப்பதான் கொண்டுவந்து தந்தவர் எண்டு போடுவமே?" என்றேன்.

அவள் என்னை நேரே பார்த்தாள். "அன்ரி, அப்பிடிப் போட்டா லேட் ஆக்கினது ஆர்? அவர். அவர் ஏன் ஹைட் பண்ணினவர், இப்ப கள்ளமாச் செய்து எடுத்தவரோ எண்டு கேப்பினம். ஒரு லைனை வாசிக்கேலாது எண்டு ஊரை விட்டு வந்த மனிசன். அவரைப் பொய்காரன் ஆக்கப்போறமா?"

"அப்ப என்ன செய்யிறது?"

"நீங்கள் சத்தியக் கடதாசி எழுதுங்கோ. நடந்ததை நடந்தபடி. உங்கட நோட்டையும் வித்ட்ரோ பண்ணுவம்."

வித்ட்ரோ பண்ணித் திரும்ப எடுப்பதென்றால் என்னவென்று யோசியுங்கள். அதே குறிப்பை வைத்து இன்னும் நாலு கோவைகள் திறந்து கிடந்தன. மூடிய கோவைகள் எத்தனையோ. என்னை நம்பித்தான் மேசைக்கு அனுப்பினார்கள். இந்தக் கடதாசியில் கையெழுத்து வைத்தால், இனி "அன்ரியிட்டக் குடுங்கோ" என்று ஒருவரும் சொல்லப்போவதில்லை. எனக்கு அழுகை வந்தது. அவள் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். சமாதானம் சொல்லவில்லை. அதற்காக அவளை இன்றைக்கும் மதிக்கிறேன்.

ஒரு பக்கம் எழுதினேன். தாள்கள் இரண்டும் ஏழு மாதம் என்னிடம் இருந்தன. அவை என்னவென்று அவரிடம் நான் கேட்கவில்லை. அந்த நாட்டை எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். எனக்குத் தெரியாது. கையெழுத்து வைத்தேன். வைத்தபின் முதுகு நிமிர்ந்தது.

அடுத்த இரண்டு நாளும் வீட்டுச் சமையல் மறந்து வேலை செய்தோம். தாள்களை மொழிபெயர்ப்பித்தோம். அவருடைய ஊர்ப் பள்ளிவாசலில் அந்த வெள்ளிக்கிழமை தொழுத ஒருவர் கைபேசியில் பதிவு செய்திருந்த பிரசங்கத்தை இமாம் எடுத்துத் தந்தார். ஏழு மாதத்துக்கு முன்னரே கேட்டிருந்தால் அன்றைக்கே தந்திருப்பார். பதிவையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாக மொழிபெயர்ப்பாளர் ஒத்துப் பார்த்தார். எல்லாம் பொருந்தியது. அந்த வரி வரவேண்டிய இடத்தில் ஒரு மூச்சு. பிறகு அடுத்த வரி.

இப்போது விசாரணைகள் கொம்பியூட்டர் திரையில்தானே. எங்கள் கூட்ட அறையில் இமாமும் வழக்கறிஞரும் முன்னுக்கு, நான் பின்னுக்கு. திரையில் விசாரணை அலுவலர், மெதுவாகப் பேசும் ஒரு பெண். நீதிபதி என்று பெயர் இல்லாவிட்டாலும் தீர்ப்பு அவர் கையில்தான். எடுத்த எடுப்பில் என் சத்தியக் கடதாசியைத் தூக்கிப் பார்த்தார். எழுதியவர் அறையில் இருக்கிறாரா என்றார். கமராவுக்கு முன்னால் போய் இருந்தேன்.

"இந்த ஆவணங்களை நீங்கள் மறைத்தீர்களா?"

"மறைக்கவில்லை. மதிக்கவில்லை" என்றேன்.

"கோரிக்கையாளரிடம் ஏன் கேட்கவில்லை?"

சொல்லக்கூடிய சாட்டு நாலைந்து மனதில் வந்தது. வேலைப்பளு, மொழி, ஆட்பற்றாக்குறை. எல்லாம் ஓரளவு உண்மையும்கூட. "எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் எதையோ எழுதினார். தாள்களை ஏற்றுக்கொள்கிறேன், உங்கள் பழைய குறிப்பைப் பார்க்கமாட்டேன் என்றார். முகத்தில் அறைந்த மாதிரித்தான் இருந்தது. ஆனாலும் அதைத்தானே நாங்களே கேட்டிருந்தோம்.

பிறகு இமாமிடம் கேள்விகள். வீடு இடித்தது, மேடை, வரி, மூச்சு. எல்லாம் ஒழுங்காகப் போனது. ஒரு மணித்தியாலம் கழித்து விசாரணை அலுவலர் கேட்டார்: "நீங்கள் இப்போதும் அந்த அரசருக்காகப் பிரார்த்திக்கிறீர்களா?"

"ஆம்" என்றார் இமாம்.

இந்த மனிதர் ஏழு மாதம் கழித்துத் தன் வாயாலேயே கெடுக்கிறாரே என்று நினைத்தேன். அரசருக்காகப் பிரார்த்திப்பவருக்கு அரசரிடம் என்ன பயம் என்று கேட்டுக் கதையை முடித்துவிடுவார்களே. பேனாவை எடுத்தேன். இடைவேளை கேட்கச் சொல்லி வழக்கறிஞருக்கு ஒரு துண்டு எழுதி நீட்டலாம். வெளியே கூட்டிக்கொண்டுபோய், இல்லை என்று சொல்லுங்கள் ஐயா என்று கெஞ்சலாம். துண்டில் இரண்டு எழுத்தும் எழுதிவிட்டேன்.

அந்த இடத்தில்தான் நிறுத்தினேன். எனக்குத் தெரியும் என்ற அதே நினைப்பு மூன்று நாளுக்குள் திரும்பவும் என் கைக்குள் வந்து நின்றது. அவருடைய மார்க்கத்தை அவரைவிட எனக்குத் தெரியுமாம். அவருடைய அரசரையும். பேனாவை மூடி மடியில் வைத்தேன்.

இமாம் தொடர்ந்தார். "ஆளுபவருக்காகப் பிரார்த்திப்பது எங்கள் வழக்கம். இறைவா, இவருக்கு நீதியைக் கொடு என்று கேட்பேன். பதினாறு வருடமும் அதைத்தான் கேட்டேன். அப்படிக் கேட்கும்போது அரசர் இறைவனுக்குக் கீழே நிற்கிறார். அந்த வரியை வாசித்தால் இறைவனுக்குப் பக்கத்தில் நிற்பார். அதை என் வாயால் சொல்ல முடியாது."

"அடுத்த வெள்ளிக்கிழமை வாசித்திருந்தால் மன்னித்திருப்பார்கள் அல்லவா?"

"மன்னித்திருப்பார்கள். அமைச்சிலிருந்து வந்தவர்களே சொன்னார்கள்."

"மனைவி என்ன சொன்னார்?"

"வாசித்துவிட்டு இந்த வீட்டுக்கு வராதே என்றாள்."

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். விசாரணை அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தீர்ப்பைப் பிறகு அனுப்புவதாகச் சொல்லித் திரையை மூடினார்.

தீர்ப்பு வரும்வரை நாங்கள் சும்மா இருக்கவில்லை. திறந்து கிடந்த நாலு கோவைகளையும் இழுத்துப்போட்டு, அந்த நாலு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இருத்தி, அரசருக்கும் மார்க்கத்துக்கும் உங்கள் ஊரில் என்ன கொடுக்கல் வாங்கல் என்று கேட்டோம். நாலு விதமான பதில் வந்தது. ஓர் ஊரில் நீதிமன்றத்தில், இன்னோர் ஊரில் பள்ளிக்கூடப் புத்தகத்தில் அந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்தது. பன்னிரண்டு பக்கத்தைக் கிழித்தெறிந்தேன். மூடிய கோவைகளில் அந்தக் குறிப்போடு போய்த் தோற்றவர் யாரும் உண்டா என்று தேடினேன். இரண்டு பேர் தோற்றிருந்தார்கள். என் குறிப்பால்தானா என்று சொல்ல முடியாது. தேடிப் பார்த்தோம், இருவரும் கிடைக்கவில்லை. அது என் நெஞ்சில் கிடக்கிறது. கிடக்கட்டும்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு நாட்டில் நீங்கள் இருந்திருந்தாலும், உங்கள் மொழியே அங்கே பேசப்பட்டாலும், முன்னால் இருக்கிறவர் நீட்டுகிற கடதாசியை முதலில் அவரிடமே கேளுங்கள். உங்கள் குறிப்பு பிழையென்று தெரிந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். பெயர் போகும். போனால் போகட்டும், நான் அதன் பிறகும் நாலு வருடம் வேலை செய்தேன், முன்னரைவிட நன்றாகவே செய்தேன்.

ஐந்து கிழமைக்குப் பிறகு தீர்ப்பு வந்தது. கோரிக்கை ஏற்கப்பட்டிருந்தது. நீங்கள்தான் சொல்லவேணும் அன்ரி என்று வழக்கறிஞர் போனை என் கையில் தந்தாள். இமாம் வெயார்ஹவுஸில் சாப்பாட்டு நேரத்தில் இருந்தார். அதற்குள் அவர் ஓரளவு ஆங்கிலம் பழகியிருந்தார். ஏற்றுக்கொண்டார்கள், மனைவியையும் மகளையும் கூப்பிட இனி விண்ணப்பிக்கலாம் என்றேன். மறுமுனையில் அழுதார். நானும் அழுதேன், வழக்கறிஞரும் கதவடியில் நின்று அழுதாள்.

சந்தோசத்தில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இனி அந்த அரசருக்காக நீங்கள் பிரார்த்திக்கத் தேவையில்லை" என்றேன்.

"இனித்தான் கூடத் தேவை, சகோதரி" என்றார். "நான் வெளியே வந்துவிட்டேன். என் பள்ளிவாசலில் அறுநூறு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு அரசர் இல்லையே."